பாய், பூனைக்காலி, ஒரு மாடு

இந்தோனேசியாவில், மேற்குச் சுமத்ராவின் மினாங்கபாவு மக்கள் வாழும் கிராமங்களில் பூர்விக வீடு பெண்ணுக்குச் சொந்தம். வயலும் அப்படியே. தாயிடமிருந்து மகளுக்கு, மகளிடமிருந்து பேத்திக்கு என்று போய்க்கொண்டே இருக்கும். ஆணுக்கு என்னதான் மிச்சம் என்று கேட்டால், பட்டம் இருக்கிறது. கல்யாணமானதும் மாப்பிள்ளைக்கு ஒரு பட்டப்பெயர் வந்து சேரும். அதன்பிறகு மாமியார் வீட்டில் அவரைப் பெயர் சொல்லி அழைப்பது மரியாதையில்லை. என் நண்பருக்குக் கிடைத்தது ‘சுத்தான்’ என்று தொடங்கும் பட்டம். கேட்டதும் சுல்தான் நினைவுக்கு வருவார். அந்த வீட்டின் சுவரில் யாரையும் கேட்காமல் ஓர் ஆணி அடிக்கும் துணிச்சல்கூட இந்தச் சுத்தானுக்கு இல்லை.

ஹஜ்ஜுப் பெருநாளை ஒட்டி அவர் மனைவியின் ஊரில் தங்கியிருந்தேன். தானா டாத்தார் மாவட்டம், மராப்பி எரிமலையின் அடிவாரம். எங்கு பார்த்தாலும் நெல். வீட்டுக்குப் பின்னால் கொம்பு கொம்பாக வளைந்த கூரையோடு பழைய பெரிய வீடு நிற்கிறது. ஒருகாலத்தில் பனைநார் வேய்ந்திருந்த கூரை இப்போது தகரம். மழை பெய்தால் உள்ளே பேச முடியாது. குடும்பம் புழங்குவதெல்லாம் முன்னால் கட்டிய சிமெண்டு வீட்டில்.

மாப்பிள்ளைகளை இந்த மக்கள் வகை பிரித்து வைத்திருக்கிறார்கள். ஊரெல்லாம் கல்யாணம் செய்து பிள்ளைகளைக் கொடுத்துவிட்டுப் பறந்துவிடுகிறவன் பச்சை ஈ. குடும்பத்துக்குள் புகுந்து மூட்டிவிடுகிறவன் பூனைக்காலி. அந்தக் கொடியின் சுணை மேலே பட்டால் அரிப்பு அடங்காது. எந்நேரமும் மனைவி வீட்டிலேயே கிடக்கிறவன் பழைய பாய். நான்காவதாக, குடும்பத்துப் பெரியவர்களைப் போல எல்லாவற்றையும் தாங்கி நடத்துகிற உத்தம மாப்பிள்ளையும் பட்டியலில் உண்டு. அப்படி ஒருவரை எனக்கு யாரும் காட்டவில்லை.

அன்று காலை நாங்கள் இருவரும் முன்னறையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். மாமியார் கூட்டிக்கொண்டே வந்தார். எங்களைச் சுற்றிக் கூட்டினார். இன்னொரு முறையும் சுற்றிக் கூட்டினார். “சுத்தான், களைப்பாக இருக்கிறீர்களா?” என்று மிகுந்த பரிவோடு கேட்டார். நண்பர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். “பாய் ஆகிவிட்டேன். வா, போகலாம்” என்று என் காதில் சொன்னார்.

போக இடம் தயாராகவே இருந்தது. குர்பானிக்கு மாடு வாங்க வேண்டும். ஒரு மாட்டில் ஏழு பேர் பங்கு சேரலாம். ஆறு பங்கு மாமியார் வகை உறவுகளுடையது, ஏழாவது பங்கு நண்பருடையது. பணம் முழுவதும் ஓர் உறைக்குள் மாமியாரின் தம்பியிடம் போய்ச் சேர்ந்திருந்தது. தாய்மாமன் என்றால் இங்கே லேசான ஆள் இல்லை. சகோதரியின் பிள்ளைகளுக்கும் குடும்பச் சொத்துக்கும் அவர்தான் காவல். இவர் போதாக்குறைக்கு ‘டத்துக்’ பட்டம் சூடிய குலத்தலைவர். புறப்படும்போது நண்பரின் மனைவி வாசல்வரை வந்து சொன்னார்: “என்ன விலை என்று மட்டும் தெரிந்துகொண்டு வாருங்கள்.” நண்பர் கணக்கர். விலை தெரிந்துகொள்வதெல்லாம் தனக்கு ஒரு வேலையா என்பது போலச் சிரித்தார்.

பத்துசாங்கர் அருகில் சுபாடாக் என்ற இடத்தில் மாட்டுச் சந்தை. சந்தை என்றால் கூச்சல் இருக்கும் என்று நினைத்தேன். மாடுகள்தாம் கத்தின. மனிதர்கள் இரண்டு இரண்டு பேராக நின்று, கைலி, தொப்பி, சட்டை, எது கிடைத்ததோ அதன் மறைவில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, மழையைப் பற்றி மெல்லப் பேசிக்கொண்டிருந்தார்கள். நம் ஊர்ச் சந்தைகளில் தரகர்கள் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. இங்கும் அதே வித்தை. ஒரு விரல் என்பது ஒரு லட்சம் ரூபியாவா, பத்து லட்சமா, ஒரு கோடியா என்பதை எதிரே நிற்கும் மாட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். மாடு வளர்த்தவனுக்குப் புரியும். கணக்கருக்குப் புரியாது.

டத்துக் ஒரு செம்மறை மாட்டின் முன்னால் நின்றார். விற்பவர் தோளிலிருந்த கைலியை இறக்கினார். இரண்டு கைகளும் உள்ளே போயின. நண்பர் கழுத்தை நீட்டினார். துணி ஒருமுறை அசைந்தது. டத்துக் தலையாட்டினார். விற்பவர் வானத்தைப் பார்த்தார். துணி மறுபடி அசைந்தது. விற்பவர் நெஞ்சில் குத்துப்பட்டவர் போல முகம் சுளித்தார், பிறகு சிரித்தார். நண்பர் துணியை விட்டுவிட்டு டத்துக்கின் முழங்கைத் தசையைப் படிக்க முயன்றுகொண்டிருந்தபோது பேரம் முடிந்துவிட்டது. உறையிலிருந்து நோட்டுகளை எடுத்து, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி எண்ணிக் கொடுத்தார் டத்துக். ரசீதாவது கிடைக்குமா என்று நண்பர் என்னிடம் கேட்டார். அவருக்காக நான் வருத்தப்பட்டேன்.

வாய்விட்டுக் கேட்டுவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். மனைவியின் தாய்மாமனிடம், பொது இடத்தில், பணக் கணக்குக் கேட்கிற மாப்பிள்ளைக்கு என்ன பெயர் என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

வண்டியில் மாட்டோடு ஊர் திரும்பினோம். வீட்டுக்கு முன்பாக லப்பாவ் வந்தது. லப்பாவ் என்பது காப்பிக்கடை, செய்தி நிலையம், நீதிமன்றம், டொமினோ ஆடும் கழகம் எல்லாம்தான். வீடு பெண்களுடையதாக இருக்கும் ஊரில் ஆண்கள் வேறு எங்கே போய் உட்காருவார்கள்? டத்துக் முட்டை டீ சொன்னார். மஞ்சள் கருவையும் சர்க்கரையையும் நுரை பொங்க அடித்து, அதன்மேல் கொதிக்கும் டீயை ஊற்றி, எலுமிச்சை பிழிந்து தருகிறார்கள். முட்டை வாடை வரும் என்று பயந்தேன், வரவில்லை. மதியச் சாப்பாட்டையே மறக்கடித்துவிடும் பானம்.

டொமினோ நின்றது. எல்லோரும் வெளியே வந்து மாட்டைச் சுற்றினார்கள். “18 மில்லியன் ரூபியா” என்றார் ஒருவர். “கொம்பைப் பாருங்கள், 22-க்குக் குறையாது” என்றார் இன்னொருவர். டத்துக் நுரையைக் கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பொறுக்க முடியாமல் ஒரு கிழவர் தன் கைலியின் நுனியைக் கைமேல் போட்டு டத்துக்கிடம் நீட்டினார். டத்துக் கையை உள்ளே விட்டார். கிழவர் “ஓகோ” என்றார். அடுத்து இன்னொருவர். அவரும் “ஓகோ” என்றார். மூன்றாமவர் “அடேயப்பா” என்றதும் மூவரும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மூவருக்கும் மூன்று விலை.

இந்த அமளிக்கிடையே கடைக்காரர் கடன் நோட்டில் ஒரு பக்கத்தைக் குறுக்கே கோடு போட்டு அடித்துக்கொண்டிருந்தார். அன்று அவர் முகத்தில் தனி மலர்ச்சி. அதற்கும் மாட்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

வீட்டில் மாமியார் வாசலிலேயே நின்றார். மாட்டின் பல்லைப் பார்த்தார், முதுகைத் தடவினார், நல்ல மாடு என்றார். “சுத்தான், என்ன விலை?” நண்பர் மாட்டைப் பார்த்தார். “டத்துக்தான்...” என்று இழுத்தார். அந்த அம்மா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. நாலு பேர் முன்னால் எப்போதும் ‘டத்துக்’ என்று அழைக்கிறவர், இப்போது “தம்பி, உள்ளே வா” என்றார்.

உள்ளே பாயில் உட்கார்ந்தார்கள். அம்மா தன் சால்வையின் முனையைக் கைமேல் போட்டுத் தம்பியிடம் நீட்டினார். வயல் தண்ணீரைப் பற்றிப் பேச்சு நடந்தது. சால்வை ஒருமுறை அசைந்தது. டத்துக் கூரையைப் பார்த்தார். மறுபடி அசைந்தது. இம்முறை பலமாக. ஊரே எழுந்து நின்று மரியாதை செய்யும் அந்த மனிதர் “அக்கா, விரல்!” என்று ஈனக்குரலில் சொன்னார். பிறகு சட்டைப்பையிலிருந்து சில நோட்டுகளை எடுத்துப் பாயில் வைத்தார். அக்கா காத்திருந்தார். இன்னும் சில வந்தன. “மீதி லப்பாவ் கடனுக்கு...” என்றார். அதற்கு அம்மா சொன்ன பதிலை நான் எழுதப்போவதில்லை.

இரவு நண்பரிடம் அவர் பங்கு எவ்வளவு என்று சொல்லப்பட்டது. மாட்டின் விலை மட்டும் சொல்லப்படவில்லை. நண்பர் பங்கை ஏழால் பெருக்கினார். லப்பாவில் கேட்ட எந்த விலையோடும் அது பொருந்தவில்லை. காகிதம் எடுத்து மறுபடி பெருக்கினார். கேட்டுவிடட்டுமா என்பது போல என்னைப் பார்த்தார்.

“பூனைக்காலி” என்றேன்.

காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மாட்டுக்குப் புல் போடப் போய்விட்டார்.