கண்ணாடி மாதிரித் தண்ணீர்

சுங்கை சிப்புட்டில் வீட்டு முன்னறையிலேயே மேசை போட்டு டிசைன் வேலை செய்கிறேன். கல்யாண அழைப்பிதழ், கோயில் திருவிழா பேனர் என்று ஓடிக்கொண்டிருந்தபோது, கோலாலம்பூரில் நடக்கவிருந்த ஓர் அனைத்துலகப் பொதுச் சுகாதார மாநாட்டின் விளம்பர வேலை தெரிந்தவர் மூலம் வந்தது. சின்னம், பேனர், கழுத்துப்பட்டை, துணிப்பை எல்லாம் என் பொறுப்பு.

சின்னத்தில் பச்சை மலை, மேலே சூரியன், நடுவில் பளிங்காக ஓர் ஓடை. ஏற்பாட்டுக் குழுவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பிரிண்ட் எடுத்து மேசையில் வைத்திருந்தேன். தே தாரிக் கிளாஸை அதன் மேல் வைக்கப் போன அப்பா அப்படியே நின்றார்.

“ஏம்மா, கொசு முட்டை போடுற எடத்தையா வரைஞ்சு வச்சிருக்க?”

அப்பா இளவயதில் தோட்டத்தில் மலேரியாவுக்கு எண்ணெய் அடித்தவர், அதாவது கொசுப்புழு சாகத் தண்ணீர் மேல் எண்ணெய் தெளிப்பவர். முதுகில் டின்னைச் சுமந்து, வாரம் ஒருமுறை ஓடை ஓடையாகப் போவாராம். அங்கே மலேரியாவைப் பரப்பிய அனோபிலிஸ் மாகுலாட்டஸ் கொசுவுக்குச் சாக்கடை ஆகாது. வெயில் படும் தெளிந்த மலையோடையும் ஊற்றுக் கசிவும்தான் வேண்டும். ரப்பர் நடக் காட்டை வெட்டியதும் நிழலில் கிடந்த ஓடைகள் வெயிலுக்கு வந்தன, லயங்களில் காய்ச்சல் கூடியது. 1901-இல் கிள்ளானில் சதுப்பை வடித்து, காட்டை வெட்டி மலேரியாவை அடக்கத் தொடங்கிய டாக்டர் மால்கம் வாட்சனுக்கே அந்த வைத்தியம் மலைத் தோட்டங்களில் பலிக்கவில்லை. தண்ணீரைத் தரைக்கடியில் குழாய் வழியே விட வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் எண்ணெய். இதெல்லாம் அன்றிரவு நான் தேடிப் படித்தது. அப்பா சொன்னது இவ்வளவுதான்: “தண்ணி கண்ணாடி மாதிரி இருந்தா ரெண்டு தரம் அடிப்போம்.”

குழுவிடம் சொன்னேன். 2018 முதல் உள்ளூரில் மனித மலேரியாவே இல்லை, குரங்கிடமிருந்து தொற்றும் நோலெசி வகை மலேரியா மட்டும்தான் மிச்சம், இதைப் போய் யார் கவனிப்பார் என்றார் ஒருவர். பூச்சியியல் படித்த இன்னொருவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஓடை போயிற்று. அந்த இடத்தில் இரட்டைக் கோபுரம் கேட்டார்கள். கழுத்துப்பட்டை அளவுக்குச் சுருக்கினால் இரண்டு ஊசிதான் தெரியும் என்று காட்டிய பிறகு, ஓர் இலையில் வந்து நின்றது.

இவ்வளவு இழுபறிக்குப் பிறகும் ஆள் வந்தது சின்னத்தைப் பார்த்து இல்லை. ஆய்வுச் சுருக்கம் தேர்வானால்தான் பலருக்கு அலுவலகம் பயணச் செலவு தரும். நான் ஒரு வாரம் செதுக்கிய போஸ்டர் சும்மா கிடந்தது. ‘சுருக்கம் அனுப்ப இன்னும் மூன்று நாள்’ என்று போன ஒற்றை வரி மின்னஞ்சலுக்குப் பெட்டி நிரம்பியது.

துணிப்பையின் பின்பக்கம் காலியாக இருந்தது. முதுகில் டின்னோடு ஓர் ஆளைச் சின்னதாகக் கோட்டோவியமாகப் போட்டு ஒப்புதலுக்கு அனுப்பினேன். “தபால்காரரா?” என்று கேட்டார்கள். விளக்கினேன். சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

மிஞ்சிய பை ஒன்றை அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“பம்ப எடது கையால அடிக்கணும், கொழாய் சோத்துக் கையில. மாத்திப் போட்டுட்டியேம்மா.”

அப்புறம் அதையே மடித்து எடுத்துக்கொண்டு மீன் வாங்கக் கிளம்பினார்.