காயில்ஓவர் ஏறியாச்சு, அப்பர் ஆர்ம் புஷ்ஷும் அடங்கியாச்சு

என் மாஸ்டா எம்எக்ஸ்-5 ஸ்போர்ட்ஸ் காரின் உயரத்தைக் குறைத்தாகிவிட்டது. முதல் தலைமுறை வண்டி, நாலு பக்கமும் காயில்ஓவர் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த, உயரத்தை மாற்றக்கூடிய செட்). ஹப் சென்டரிலிருந்து (சக்கரத்தின் நடு) மட்கார்டு விளிம்பு வரை முன்னால் 330 மி.மீ., பின்னால் 340. இடது, வலது வித்தியாசம் 2 மி.மீ.க்குள். லிஃப்ட் கிடையாது, ஜாக்கியும் ஸ்டாண்டும்தான். கொஞ்சம் அலட்டிக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கழற்றுகிற கதையை நீட்டப் போவதில்லை. சக்கரத்தைப் பாடியோடு இணைக்க மேலே ஒரு ஆர்ம் (அப்பர்), கீழே ஒரு ஆர்ம் (லோயர்) இருக்கும். பின்பக்கம் லோயர் ஆர்மை ஹப்போடு கோக்கும் அந்த நீள போல்ட் மட்டும் வழக்கம்போல உயிரை எடுத்தது. துரு பிடித்து உள்ளே புஷ் (ஆர்மின் மூட்டில் இருக்கும் ரப்பர் உறை) குழாயோடு ஒட்டிக்கொள்வதால் நட்டு கழன்ற பிறகும் போல்ட் அசையாது. ஆயில் அடித்து ராத்திரி முழுக்க ஊறவிட்டு, நட்டை போல்ட் முனைக்குச் சமமாக ஏற்றிவிட்டு அடித்தேன். வெறும் முனையில் அடித்தால் மரை போய்விடும்.

இப்போது என் பைத்தியத்துக்கு வருகிறேன்: புஷ். ஒரிஜினல் ரப்பர் புஷ் சுழலாது. நட்டை இறுக்கியதும் உள்குழாய் பிராக்கெட்டோடு இறுகிவிடும். வெளிக்குழாய் ஆர்மோடு போகும். நடுவில் ஒட்டியிருக்கும் ரப்பர்தான் முறுகிக் கொடுக்கும். ஆர்ம் தொங்கும்போது இறுக்கிவிட்டு வண்டியை இறக்கினால், ரப்பர் பிழிந்த துணி மாதிரி முறுகியபடியே வாழ்நாளைக் கழிக்கும். சீக்கிரம் கிழியும். அதுவரைக்கும் நீங்கள் காசு கொடுக்காத ஒரு ஸ்பிரிங்காகவும் வேலை செய்யும், உயரக் கணக்கும் தப்பும். பழைய போல்ட்டுகளைத் தொடாமல் விட்டாலும் இதே கதைதான். அவை பழைய உயரத்துக்கு இறுக்கப்பட்டவை.

லோயர் ஆர்மின் உள்பக்க போல்ட்டுகள் கேம் போல்ட்டுகள், திருப்பினால் ஆர்மை நகர்த்துபவை. அலைன்மென்ட்டின்போது (சக்கரக் கோணங்களைச் சரிசெய்யும்போது) வண்டி சக்கரத்தில் நிற்கையில் தளர்த்தி இறுக்குவார்கள், அவை தானாகச் சரியாகிவிடும். அப்பர் ஆர்மை யாரும் தொட மாட்டார்கள். அதை நாம்தான் பார்க்க வேண்டும்.

முன்பக்கம் நான் செய்தது: பழைய ஷாக்கை எடுத்த பிறகு, புதியதை மாட்டும் முன், லோயர் பால் ஜாயின்ட்டை (லோயர் ஆர்மையும் ஹப்பையும் இணைக்கும் உருண்டை மூட்டு) ஒரே போல்ட்டில் தற்காலிகமாகக் கோத்தேன். ஸ்பிரிங் இல்லாததால் ஜாக்கியை லோயர் ஆர்முக்கு அடியில் கொடுத்துத் தூக்கினால் லேசாக ஏறுகிறது, பாடி ஸ்டாண்டை விட்டு எழுவதில்லை. ஹப் சென்டர் 330 காட்டும் இடத்தில் நிறுத்தி, அப்பர் ஆர்ம் நட்டைத் தளர்த்தி, ரப்பர் தன் இயல்புக்கு வந்ததும் டார்க் ரெஞ்ச் (குறித்த விசைக்கு இறுக்கும் ஸ்பேனர்) போட்டு இறுக்கினேன். பிறகு மறுபடி பிரித்துக் காயில்ஓவரை ஏற்ற வேண்டும். இரட்டை வேலைதான். ஸ்பிரிங் ஏறிய பிறகு இதையே செய்யப் பார்த்தால் அந்த மூலையின் எடை முழுக்க ஜாக்கிக்கு வரும். அதன் கீழே கையை விட எனக்குத் தைரியம் இல்லை. பின்பக்கமும் இதே முறை, அளவு 340. ஷாக்கின் கீழ்க்கண்ணிலும் (கீழ்முனை வளையம்) ரப்பர் புஷ் இருப்பதால் அந்த போல்ட்டை மட்டும் வண்டி சக்கரத்தில் நின்ற பிறகு இறுக்கினேன்.

செட் விற்றவர்மேல் ஒரு புகார். பெட்டிக்குள் இருந்த தாளில் ஸ்பிரிங் இருக்கையைச் சுற்றி உயரத்தைக் குறைக்கச் சொல்கிறார்கள். கீழ் பிராக்கெட் தனியாகத் திருகும் செட்டுக்கு இது என்ன ஆலோசனை? ஸ்பிரிங்கைக் கையால் இறுகும் வரை வைத்து, கொஞ்சம் மட்டும் கூட்டி, லாக் ரிங்கைப் பூட்டிவிட வேண்டும். உயரம் கீழ் பிராக்கெட்டில்தான். அப்போதுதான் ஷாக் மேலும் கீழும் ஓடும் தூரம் குறையாது. கூடவே வந்த கொக்கி ஸ்பேனர் தகரத்தில் வெட்டியது போல வளைகிறது. நல்லதாக ஒன்றைத் தனியாக வாங்கிவிடுங்கள். மரைகளில் ஆன்ட்டி-சீஸ் (ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத் தடவும் பசை) தடவாமல் மாட்டவே மாட்டாதீர்கள்.

அடுத்து வாங்க வேண்டியது, நீளம் மாற்றக்கூடிய ஆன்ட்டி-ரோல் பார் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) லிங்க். வண்டி தாழ்ந்ததால் பார் முனை மேலே ஏறி நிற்கிறது. பாலியூரித்தேன் புஷ் போட்டால் முறுக்குப் பிரச்சினையே இல்லை, அது குழாயைச் சுற்றிச் சுழலும், ஆனால் கிரீஸ் வற்றினால் கீச்சிடும். இன்னும் மனசு வரவில்லை.

அலைன்மென்ட் பாக்கி. கயிறு கட்டி டோ (சக்கரங்களின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பும் அளவு) மட்டும் நேராக்கி வைத்திருக்கிறேன். ஸ்டீயரிங் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தே நிற்கிறது.