டியூட்டி லிஸ்ட்டும் புத்தகக் காட்சியும்

டிசம்பர் 15, 2024, ஞாயிறு

நாவல் அச்சுக்குப் போய்விட்டது என்று பதிப்பாளர் காலையில் போன் செய்தார். சென்னை புத்தகக் காட்சி வழக்கமாகப் பொங்கலை ஒட்டி வரும், இந்த முறை டிசம்பர் 27லேயே தொடங்கி ஜனவரி 12ல் முடிகிறது, அதனால் அச்சகத்தில் எல்லாருடைய புத்தகமும் ஒரே நேரத்தில் வரிசையில் நிற்கிறதாம். "எந்த நாள் வருவீங்கன்னு சொல்லுங்க, அரங்கில் வாசகர் சந்திப்பு வெச்சிடலாம்" என்றார்.

உடனே பதில் சொல்ல முடியவில்லை. நாங்கள் இருப்பது பெங்களூரில். மனைவி நர்ஸ். அவளுடைய டியூட்டி லிஸ்ட் வந்தால்தான் எங்கள் வீட்டில் எந்தத் தேதியும் உறுதியாகும். அவளுக்கு நைட் என்றால் மகளை எழுப்பித் தலைபின்னி ஸ்கூல் வேனில் ஏற்றுவது என் வேலை, அம்மாவுக்கு மூட்டுவலி, படி இறங்கமாட்டார். ஆபீசில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன், 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போகவேண்டும், ஆகவே கடைசி வாரம் முடியாது. மிச்சம் எவ்வளவு என்று பார்த்தால் இரண்டே இரண்டு வார இறுதி.

டிசம்பர் 20, வெள்ளி

லிஸ்ட் வந்துவிட்டது. ஜனவரி 4 அவளுக்கு ஆஃப், 5 காலை ஷிப்ட். "சனிக்கிழமை போயிட்டு ஞாயிறு விடியறதுக்குள்ள வந்துடுங்க, நான் ஆறரைக்குக் கிளம்பணும்" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. போக காலையில் லால்பாக் எக்ஸ்பிரஸ், திரும்ப இரவு மெயில், டிக்கெட் போட்டாயிற்று.

டிசம்பர் 29, ஞாயிறு

ஆசிரியர் பிரதிகள் பார்சலில் வந்தன. மகள்தான் டேப்பைக் கிழித்தாள். நான்காம் வகுப்பு படிக்கிறாள், பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும், அப்புறம் இந்தி. தமிழ் பேசுவாள், வாசிக்கவென்றால் எழுத்துக்கூட்டி ஒரு வரி முடிப்பதற்குள் களைத்துவிடுவாள். அட்டையில் என் பெயரை மட்டும் படித்துவிட்டு, "உள்ளே என்ன இருக்குப்பா?" என்று கேட்டாள்.

உள்ளே இருப்பது அவளுடைய தாத்தாவின் ஊர். கோலார் தங்கவயல். சுரங்கத்தை 2001ல் மூடிய பிறகு, ஊரிலேயே இருந்துகொண்டு தினமும் விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வந்துபோகும் ஆட்களைப் பற்றி எழுதியிருக்கிறேன். அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இருந்தவர், மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போகிற சுரங்கம் அது. அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்து, "நான் படிச்சுக் காட்டறேன் வா" என்று பேத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். அம்மா அங்கே தமிழ்வழியில் எட்டாவது வரை படித்தவர்.

இரண்டாவது பக்கத்திலேயே நின்றுவிட்டது வாசிப்பு. லைன் வீட்டைப் பற்றி, அதாவது சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளைப் பற்றி ஒரு வரி வருகிறது, அதைப் பிடித்துக்கொண்டு அம்மா பேச ஆரம்பித்துவிட்டார். பூமிக்குள்ளே பாறை வெடிக்கும், ராக் பர்ஸ்ட் என்பார்கள், பரணில் கவிழ்த்து வைத்த பாத்திரமெல்லாம் கிடுகிடுவென்று ஆடும், அடுத்த நிமிஷம் லைனில் இருக்கிற பெண்கள் அத்தனை பேரும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு சுரங்க வாசலுக்கு ஓடுவார்கள், யார் வீட்டு ஆள் எந்த ஷிப்ட் என்று ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டே. "தாத்தாவும் உள்ளே இருந்தாரா ஆயா?" "அன்னைக்கு அவருக்கு நைட்டு ஷிப்ட், வீட்டுல தூங்கிக்கிட்டு இருந்தாரு. எழுந்து அவரும் ஓடினாரு." மகள் அம்மாவின் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள். இது நாவலில் இல்லை. அம்மா இதுவரை என்னிடம் சொன்னதும் இல்லை.

ஜனவரி 4, சனி

ரயிலில் எழுதுகிறேன். பங்காருப்பேட்டை தாண்டியாயிற்று. தங்கவயல் வழியாக மாரிக்குப்பம் போகிற பாதை அங்கேதான் பிரிகிறது.

இரவு. சென்ட்ரலில் இறங்கி மெட்ரோவில் நந்தனம். காட்சியில் ஏறக்குறைய 900 அரங்குகள், சனிக்கிழமை கூட்டம். எங்கள் அரங்கில் வருகிறவர்கள் எடுத்துப் பார்ப்பார்கள், பின்னட்டையைப் படிப்பார்கள், வைத்துவிடுவார்கள், பத்து நிமிஷம் கழித்துத் திரும்பி வந்து வாங்குவார்கள். விலை 350, காட்சியில் பத்து சதவீதம் கழிவு. ராயல்டி பிரதிக்கு 35 ரூபாய். சிறிய பதிப்பகம், விளம்பரத்துக்குப் பணம் கிடையாது, எழுதியவன் நேரில் வந்தால் விற்பனை கூடுகிறது என்பதைக் கண்ணால் பார்த்தேன், அதனால்தான் வரச் சொல்கிறார்கள், அதில் தப்பொன்றும் இல்லை.

ஏழு மணி வாக்கில் பெரம்பூரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். தங்கவயலில் நந்திதுர்க் சுரங்கத்தில் வேலை பார்த்தவராம். புத்தகத்தைத் திறக்கவே இல்லை. "நீங்க எந்த லைன்?" என்று கேட்டார். சொன்னேன். அப்பா பெயரைக் கேட்டார். அதையும் சொன்னேன். யோசித்துப் பார்த்து, தெரியவில்லை என்றார், ஆனால் தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய கழிவு மண், அந்தச் சைனைடு மேட்டில் காற்றடித்தால் கண் எரியுமே, சாப்பாட்டுத் தட்டில் மண் விழுமே, அதை எழுதியிருக்கிறீர்களா என்று கேட்டார். எழுதியிருக்கிறேன் என்றேன். இரண்டு பிரதி வாங்கினார், ஒன்று ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகனுக்கு. இப்படி ஓர் ஆளைப் பார்ப்பதற்காக நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் ரயிலேறுவேன்.

ஜனவரி 5, ஞாயிறு

விடியுமுன் கன்டோன்மென்ட்டில் இறங்கி ஆட்டோ பிடித்து அல்சூர் வந்து சேர்ந்தேன். அவள் குளித்துக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "எப்படி இருந்துச்சு?" "நல்லா இருந்துச்சு." "இட்லி மாவு வெளியில எடுத்து வெச்சிருக்கேன், அத்தைக்கு மாத்திரை எட்டு மணிக்கு." அவள் போய்விட்டாள்.

எனக்கு வெளியூரில் இருக்கும் நாள் கஷ்டமில்லை, திரும்பி வந்த நாள்தான் கஷ்டம். உடம்பு இட்லித்தட்டில் மாவு ஊற்றுகிறது, மனசு அரங்கில் உட்கார்ந்து அந்தப் பெரியவரோடு பேசிக்கொண்டிருக்கிறது. மகள் ஏதோ சொல்லி, மறுபடியும் சொல்லி, மூன்றாவது தடவை என் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். இனி பயணம் முடிந்த அன்று எழுதுவதில்லை, போனில் விமர்சனம் தேடுவதில்லை, வீட்டு வேலை மட்டும்.

ஜனவரி 9, வியாழன்

தென்மாவட்ட ஊர் ஒன்றிலிருந்து அழைப்பு, ஒரு இலக்கிய அமைப்பு. மூன்று நாள் நிகழ்வு, மூன்று நாளும் இருக்கவேண்டுமாம். பயணச்செலவு பற்றிக் கேட்டேன், "பார்த்துக்கலாம் சார்" என்றார்கள். போன வருஷம் இன்னொரு இடத்தில் இதே சொல்லைக் கேட்டுக்கொண்டுதான் போனேன், பொன்னாடை போர்த்தினார்கள், மரியாதையாகத்தான் நடத்தினார்கள், பஸ் காசும் லாட்ஜ் வாடகையும் என் சம்பளத்திலிருந்து போயிற்று. எழுத்தாளனுக்குச் சன்மானம் கொடுக்கமுடியாத நிலை பல அமைப்புகளுக்கு இருக்கிறது, அது எனக்குப் புரிகிறது. ஆனால் போக்குவரத்துச் செலவைக் கொடுக்கமுடியாமல் ஒருவரை வெளியூரிலிருந்து கூப்பிடக்கூடாது. அந்தப் பணத்தைக் கொடுப்பது நான் மட்டுமல்ல. நான் இல்லாத மூன்று நாளும் மனைவி யாரிடமாவது கெஞ்சி ஷிப்ட் மாற்றிக்கொள்ள வேண்டும், பிறகு அதற்குப் பதிலாக நைட் பார்த்துத் தீர்க்கவேண்டும். நைட் முடித்துவிட்டு அவள் வரும்போது யாரும் சால்வை போர்த்துவதில்லை.

வரவில்லை என்று எழுதி அனுப்பிவிட்டேன். ஒரு நாள் என்றால், போக்குவரத்து கொடுத்தால், வருகிறேன் என்றும் சேர்த்தேன்.

ஜனவரி 14, செவ்வாய், பொங்கல்

அவளுக்கு மதிய ஷிப்ட், அதனால் காலையிலேயே பொங்கல் வைத்துவிட்டோம். அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே மேற்பார்வை. தினமும் இரவு வாசிப்பு நடக்கிறது, இன்னும் நாலாவது அத்தியாயம்கூட முடியவில்லை, ஒவ்வொரு பத்திக்கும் அம்மாவிடம் ஒரு கதை இருக்கிறது, மகள் இப்போது பக்கத்தில் உட்கார்ந்து அத்தியாயத் தலைப்பை மட்டும் தானே படிக்கிறாள். நான் அம்மா சொல்வதைப் போனில் பதிவு செய்துவைக்கிறேன். அடுத்த நாவலுக்கு என்று சொல்லமாட்டேன், அவர் குரல் இருக்கட்டும்.

மதியம் தங்கவயல் ராபர்ட்சன்பேட்டையிலிருந்து பழைய சிநேகிதன் பேசினான். அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை நாவலைப் பற்றிச் சின்னக் கூட்டம் வைக்கலாம் என்கிறான், தெரிந்தவர்கள் வீட்டு மாடியில், முப்பது பேர் வந்தால் அதிகம். வீட்டில் சொன்னதும் அம்மா, "நானும் வர்றேன், எனக்கும் பேச வேண்டியது இருக்கு" என்றார். மூட்டுவலி? "ரயில்ல உட்கார்ந்துதானே வரணும்." மனைவி டியூட்டி லிஸ்ட்டை எடுத்துப் பார்த்தாள். பிப்ரவரி இரண்டாம் தேதி அவளுக்கு ஆஃப் கேட்டு நாளைக்கே எழுதிக்கொடுக்கப் போகிறாளாம். காலை மாரிக்குப்பம் வண்டியில் நாலு பேரும் போகிறோம். பங்காருப்பேட்டையில் வண்டி ரொம்ப நேரம் நின்றால் அம்மாவுக்குக் கால் மரத்துப்போகும், அதற்குத் தலையணை ஒன்று எடுத்துக்கொள்ளவேண்டும். கிடைக்கும் என்று நம்பி சிநேகிதனிடம் தேதி சொல்லிவிட்டேன்.