அணையாத நெருப்பு, சொட்டும் மலை: ஈரானில் ஒரு தரிசனம்

இஸ்லாத்துக்கு முன் ஈரானில் ஓங்கியிருந்த ஜொராஸ்திரிய மதத்தினர் நெருப்பின் முன் நின்று வழிபடுகிறவர்கள். யஸ்த் நகரத்தில் இருக்கும் அவர்களின் அக்கினிக் கோயிலில் நமக்கும் கருவறைக்கும் நடுவே ஒரு கண்ணாடி இருக்கிறது. அந்தப் பக்கம் பெரிய வெண்கலக் கலசம், அதில் விறகு எரிகிறது. வெள்ளை உடுத்திய அர்ச்சகர், தன் மூச்சு நெருப்பின் மேல் படக்கூடாது என்று வாயைத் துணியால் மூடிக்கொண்டுதான் விறகு வைக்கிறார். கி.பி. 470 வாக்கில் ஏற்றிய நெருப்பு, ஊர் ஊராக இடம் மாறி வந்தாலும் அணைந்ததே இல்லை என்கிறார்கள். கைகூப்பி நின்றேன். மந்திரம் எதுவும் மனதில் வரவில்லை.

கட்டடம் அவ்வளவு பழையதல்ல. இந்தியப் பார்சிகளின் உதவியோடு 1934இல் எழுந்தது. ஈரானை அரபுப் படைகள் வென்றபின் குஜராத் கரைக்கு வந்து சேர்ந்த ஜொராஸ்திரியர்களின் வழிவந்தவர்கள்தான் பார்சிகள். பம்பாயிலிருந்து மானக்ஜி லிம்ஜி ஹதாரியா என்ற பார்சி 1854இல் இங்கே வந்தபோது, ஈரானிலேயே தங்கிவிட்ட ஜொராஸ்திரியர்கள் வறுமையிலும் அவமதிப்பிலும் கிடந்தார்கள். அவர் அரசவையில் மன்றாடி மன்றாடி, அவர்கள் மேல் இருந்த ஜிஸ்யா என்ற தலைவரி 1882இல் நீங்கியது. போனவர்களின் பிள்ளைகள் திரும்பி வந்து தாய்வீட்டைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். சென்னை ராயபுரத்தில் இருக்கும் பார்சி கோயிலுக்குள் நம்மைப் போன்ற வெளியார் போக முடியாது. இங்கே கண்ணாடி வழியாகவாவது தரிசனம் கிடைத்ததே!

கோயில் முகப்பில் இருக்கும் ஃபரவஹர் என்ற சிறகு விரித்த உருவம், எங்கள் டாக்சியின் கண்ணாடியிலும் தொங்கியது. ஓட்டிய இளைஞரோ முஸ்லிம் வீட்டுப் பிள்ளை. ‘எங்கள் பாட்டன் பூட்டனின் அடையாளம்’ என்றார். இப்போது ஈரானில் கழுத்துச் சங்கிலி, மோதிரம், பச்சைகுத்தல் என்று எங்கே பார்த்தாலும் இதுதான். பிள்ளைகளுக்கு கூரோஷ் (நாம் சைரஸ் என்பது), தாரியூஷ் என்று பழைய அரசர்களின் பெயர். 2016 அக்டோபரில் பசார்கதேயில் உள்ள சைரஸ் மன்னனின் கல்லறையில் பெருங்கூட்டம் திரண்டது. அரசுக்கு அது பிடிக்கவில்லை. நவ்ரூஸ் புத்தாண்டை மட்டும் யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை, வீட்டுக்கு வீடு நடக்கிறது.

இதில் எவ்வளவு பக்தி, எவ்வளவு ஆட்சி மேல் உள்ள கோபம் என்று எனக்குச் சந்தேகம்தான். இஸ்லாத்தை விட்டு மாற அங்கே வழியில்லை. ஆகவே பலருக்கு இந்தச் சின்னம் கழுத்தோடு சரி. நெருப்புக்கு விறகு வைக்கும் வேலை இன்னும் ஜொராஸ்திரியர்கள் என்ற அந்தச் சிறு கூட்டத்தின் தலையில்தான். அவர்களுக்கு நாடாளுமன்றத்தில் ஒரே ஓர் இடம் உண்டு.

அவர்களின் பக்தியைக் காண சக் சக் என்ற மலைத்தலத்துக்குப் போக வேண்டும். அர்தகான் என்ற ஊரைத் தாண்டினால் பாலைவனம், அப்புறம் மொட்டை மலை. அதன் இடுப்பில் ஒட்டிக்கொண்டு பீரே சப்ஸ் கோயில். அரபுப் படைகள் வெல்லுமுன் ஈரானை ஆண்ட சாசானிய வம்சத்தின் கடைசி மன்னன் மூன்றாம் யஸ்தகர்த்தின் மகள் நீக்பானு, துரத்தி வந்த அந்தப் படைக்குத் தப்ப அவர்களின் கடவுளான அஹுரா மஸ்தாவை வேண்டினாளாம். மலை பிளந்து அவளை உள்ளே வாங்கிக்கொண்டதாம். பாறையிலிருந்து சொட்டும் நீர் அவளுக்காக மலை விடும் கண்ணீர் என்பது நம்பிக்கை. ஆண்டுதோறும் ஜூன் 14 முதல் 18 வரை யாத்திரை. கோயில் கண்ணில் பட்டதும் வாகனத்தை விட்டு இறங்கி நடந்தே வர வேண்டும் என்பது மரபு.

படி ஏறி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. செருப்பைக் கழற்றி, தலையை மூடிக்கொண்டு, வெண்கலக் கதவைத் தாண்டினால் காலடியில் ஈரச் சலவைக்கல். அந்த வெயிலிலிருந்து வந்த பாதத்துக்கு அந்தக் குளிர்ச்சியே பிரசாதம். மேலே பாறை கரி படிந்து கறுத்திருக்கிறது. அத்தனை காலத்து விளக்குப் புகை. மலை இடுக்கில் ஒரு முதிர்ந்த மரம், நீக்பானு ஊன்றிய கைத்தடி தழைத்தது என்கிறார்கள். ஒரு வயதான அம்மாள் சொட்டு நீரை உள்ளங்கையில் ஏந்திக் கண்களில் ஒற்றிக்கொண்டார். பசார்கதே கூட்டத்தைவிட இந்த அம்மாளிடம்தான் எனக்குப் பழைய ஈரான் தெரிந்தது.

போக நினைப்பவர்களுக்கு: யாத்திரை நாட்கள் அவர்களுக்கே உரியவை, மற்றவர்கள் வேறு மாதத்தில் போவதே மரியாதை. யஸ்திலிருந்து டாக்சி பேசி, காத்திருந்து திரும்பக் கூட்டி வரச் சொல்லிவிடுங்கள். மலையடியில் வேறு வண்டி கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.