எழுதிக் கொடுத்தவரும் கொடுக்காதவரும்

"நான் சொல்லாம இருந்திருந்தா, மேடம்?" என்று எங்கள் பிரிவு ஊழியர் ஒருவர் கேட்டார். "அது வேற விஷயம்" என்றேன். என்ன வேற விஷயம் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

டெண்டர் சீட், அதாவது டெண்டர்களைக் கவனிக்கும் பணியிடம், காலியானபோது சீனியாரிட்டிப்படி அவர் பெயர்தான் முதலில் இருந்தது. அவரைப் போடலாமா என்று மேலே குறிப்பு எழுத வேண்டியவள் நான். அவருடைய பெர்சனல் ஃபைலில் ஒரு கடிதம் இருந்தது. மத்தியக் குடிமைப் பணிகள் நடத்தை விதிகள் 1964, விதி 17-இன்படி அவரே எழுதிக் கொடுத்தது. உறவில் ஒருவர் வாங்கிய கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கடன் வாங்கியவர் கட்டவில்லை. ஃபைனான்ஸ்காரர்கள் இவர்மேலும் கேஸ் போட்டுவிட்டார்கள். 'தங்கை கணவர்' என்று எழுதி, அதை அடித்துவிட்டு மேலே 'உறவினர்' என்று எழுதியிருந்தார். சம்மன் நகலையும் பின் அடித்து வைத்திருந்தார்.

கடனே வாங்கக் கூடாது என்று அந்த விதி சொல்லவில்லை. ஓயாமல் கடனில் கிடக்காமலும் திவாலாகாமலும் சொந்தக் காரியங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும், வசூல் வழக்கு வந்தால் உடனே முழு விவரம் தெரிவிக்க வேண்டும் என்கிறது. நிலைமை தன் கையை மீறிப்போனது என்று நிரூபிக்கும் பொறுப்பு ஊழியருடையது. ஜாமீன் கையெழுத்து கையை மீறியதா? பேனா அவர் கையில்தானே இருந்தது என்று தோன்றும். கூடப் பிறந்தவள் எதிரே வந்து நின்றால் நான் மட்டும் போடாமல் இருந்திருப்பேனா என்றும் தோன்றும்.

வசூல் வழக்கு நிலுவையில் இருப்பதால் இந்தப் பணியிடத்துக்கு இப்போது பரிசீலிக்க வேண்டியதில்லை என்று இரண்டு வரி எழுதினேன். மேலே அப்படியே கையெழுத்தாகி வந்தது.

எழுதியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அந்த சீட்டுக்குத் தினமும் காண்டிராக்டர்கள் வருவார்கள். அலுவல் தொடர்பு உள்ளவர்களிடம் கடன் வாங்கக் கூடாது என்கிறது விதி 16. வழக்கு தோற்று ஜப்தி வந்தால் சம்பளத்தில் முதல் 1000 ரூபாயை விட்டுவிட்டு, மீதியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அந்த நேரம் பார்த்து ஒருவர், "சார் கொஞ்சம் சிரமத்துல இருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன்" என்று ஆரம்பித்தால்? அவரை அந்த இக்கட்டில் தள்ளாமல் தடுத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். பாதி நாள் அதை நம்பவும் செய்வேன்.

ஆனால் சீட் யாருக்குப் போனது? சம்பள நாளில் கேட்டுக்கு வெளியே பைக்கில் ஒருவர் வந்து நிற்பாரே, அவரிடம் வட்டிக்கு வாங்கியிருப்பவருக்கு. பிரிவில் எல்லோருக்கும் தெரியும். காகிதத்தில் எதுவும் இல்லை. காகிதத்தில் இல்லாததை நான் எப்படி எழுத முடியும்?

ஆல்ட்ரிச் ஏம்ஸ் என்ற, அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவின் அதிகாரி நினைவுக்கு வருகிறார். கடன் கழுத்தை நெரித்தபோது, 1985-இல் வாஷிங்டனில் உள்ள சோவியத் தூதரகத்துக்குப் போய் ரகசியங்களை விற்கத் தொடங்கியவர். 1989-இல் 5,40,000 டாலர் வீட்டை ரொக்கம் கொடுத்து வாங்கினார். பிடிபட்டது 1994-இல். கடனைத் தேடுகிற கண்களுக்கு, கடன் திடீரென்று தீர்ந்தது போதிய அளவு உறுத்தவில்லை. எங்கள் படிவங்களிலும் கடன் எப்படி அடைந்தது என்று கேட்கும் கட்டத்தை நான் பார்த்ததில்லை. அதற்காகக் கடனைப் பார்க்கவே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏம்ஸ் ஆரம்பித்ததே அங்கிருந்துதானே.

அதே ஃபைல் திரும்ப வந்தால், வழக்கு முடிந்ததும் மறுபரிசீலனை செய்யலாம் என்று ஒரு வரி சேர்ப்பேன். அவரை அந்த சீட்டில் போடலாம் என்று எழுதுவேனா? தெரியவில்லை.

அவர் இப்போதும் வணக்கம் சொல்கிறார், சிரிக்கிறார். அதற்குப் பிறகு எங்கள் பிரிவிலிருந்து விதி 17 கடிதம் ஒன்றுகூட வரவில்லை. பைக்கில் வருபவர் மட்டும் மாதாமாதம் வருகிறார், இப்போது கூடவே இன்னொருவரையும் அழைத்துக்கொண்டு.