மார்கழிக் குளிரில் அச்சன்கோவில் அரசனைப் பார்க்க

சாமி சரணம். நேர்த்திக்கடனுக்குக் கேரளக் காட்டுக்குள் இருக்கும் அச்சன்கோவில் போவதென்றால் மார்கழி முதல் பத்து நாளில் போய்விட வேண்டும். முதல் தேதி கொடியேற்றம், ஒன்பதாம் நாள் தேர். அதையொட்டித்தான் புனலூரிலிருந்து அரசனின், அதாவது அங்கே அரசனாக இருக்கும் ஐயப்பனின், திருவாபரணப் பெட்டி ஆரியங்காவு, செங்கோட்டை, தென்காசி என்று நம் பக்கம் வளைந்து, இரு மாநில போலீஸ் காவலோடு காட்டுக்குள் போகிறது. செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர். எல்லையை மாற்றிப் போட்டதால் அரசன் நமக்கு அயலூர்ச் சாமி ஆகிவிடவில்லை.

புதிதாக மாலை போட்ட கன்னிசாமிகள் ஏமாறுவது குளிரில். ஆனி ஆடியில் மேற்கேயிருந்து சாரல் வருகிற அதே கணவாயில் இப்போது கிழக்குக் காற்று நுழையும். ஊட்டிக் குளிர் கிடையாது, ஆற்றங்கரைக் காட்டுக் குளிர். மரத்திலிருந்து பனி சொட்டிச் சொட்டி, வெட்டவெளியில் படுத்தவருக்கு விடியும்போது போர்வை கனத்துக் கிடக்கும். மேலே இரண்டு போர்வை போட்டும் நடுங்குகிறது என்பார்கள். நடுக்கம் மேலிருந்து வருவதில்லை, தரையிலிருந்து ஏறுகிறது. கீழே முதலில் ஒரு பிளாஸ்டிக் ஷீட், அதன்மேல் நாலாக மடித்த ஜமுக்காளம், மேலே ஒரே ஒரு கம்பளி. காதை மூடத் துண்டு. அவ்வளவுதான், அரண்மனைத் தூக்கம் வரும்.

அங்கிருந்து சபரிமலைக்கும் போகிறவர்கள் இருமுடி கட்டும்போது நெய்த்தேங்காயில் கொஞ்சம் பொறுமை காட்ட வேண்டும். கோடையில் வராத தொல்லை மார்கழியில் வரும். தேங்காயை நார் இல்லாமல் வழுவழுவென்று தேய்த்து, மூன்று கண்ணில் மென்மையான கண்ணைத் துளைத்து நீரை வடித்து, அரை மணி நேரமாவது கவிழ்த்து வைக்க வேண்டும். உள்ளே ஈரம் நின்றால் இரண்டே நாளில் நெய் நாறும். நடுத்தரக் காய்க்குச் சுமார் 150 முதல் 200 மில்லி பிடிக்கும். நெய் உருகியிருக்க வேண்டும், கொதிக்கக் கூடாது. சூடாக ஊற்றினால் உள்ளே பருப்பு வெந்து வாடை அடிக்கும். ஆறவிட்டு ஊற்றினாலோ, குளிர்ந்த ஓட்டில் பட்டதும் கண்ணிலேயே உறைந்து, காய் நிறைந்துவிட்டது போலக் காட்டும். உள்ளே பாதி வெறும் காற்றுதான். அதனால் நெய்ப் பாத்திரத்தை வெந்நீரில் நிறுத்தி, கொஞ்சம் ஊற்றுவது, காயை உள்ளங்கையில் தட்டுவது, மறுபடி ஊற்றுவது. தட்டத் தட்டக் குமிழி வெளியே வரும். விளிம்புவரை நிரப்பவும் வேண்டாம். பகல் வெயிலில் நெய் இளகிக் கார்க்கைத் தள்ளினால் இருமுடி அரிசியெல்லாம் நெய்ச்சோறுதான். கார்க்கின் மேல் நனைத்த அப்பளத்தைப் பிசைந்து அப்பிவிட்டால் கசியாது.

இந்தப் பாட்டுக்கெல்லாம் கூலி சன்னிதானத்தில் கிடைக்கும். மார்கழி விடியலில் உடைத்த தேங்காயிலிருந்து நெய் வழியாது. வெள்ளை வெளேரென்று, ஓட்டின் வளைவு அப்படியே பதிந்த கட்டியாகப் பாத்திரத்தில் விழும். கட்டை விரலால் ஓட்டை வழித்துவிட்டு நிற்கும்போது, வருஷம் முழுக்க மனசில் உறைந்து கிடந்ததும் கூடவே விழுந்துவிட்ட மாதிரி இருக்கும். அப்பனே, ஐயப்பா!

அச்சன்கோவிலுக்குத் திரும்புவோம். செங்கோட்டையிலிருந்து பண்பொழி, மேக்கரை வழியாகக் காட்டுச் சாலை. மழை பெய்திருந்தால் ஓரமாக ஒதுங்க இறங்குகிற இடத்தில் அட்டை ஏறும், கொஞ்சம் உப்புப் பொட்டலம் மடியில் இருக்கட்டும். ஜீப்காரர்களிடம் ஏறுமுன் கூலியைப் பேசி, திரும்பி வருவதும் சேர்த்தா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கும்பலைப் பார்த்ததும் நாக்கு நீள்கிறவர்கள் உண்டு. ‘நேரா உள்ளே கூட்டிட்டுப் போறேன் சாமி’ என்று தோளைத் தொடுகிறவருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வரிசையிலேயே நில்லுங்கள்.

ஆற்றில் முங்கியதும் தலையை நன்றாகத் துவட்டி உலர்ந்த வேட்டிக்கு மாறிவிட வேண்டும். ஈர வேட்டியோடு வரிசையில் நின்றுதான் பலர் சளி பிடித்துத் திரும்புகிறார்கள். விரதத்துக்கு உலர்ந்த வேட்டியால் ஒரு குறையும் வந்துவிடாது.

பூரணை புஷ்கலையோடு நிற்கும் அரசனின் கையில் எப்போதும் சந்தனம் இருக்கும். பாம்பு கடித்தவரைத் தூக்கி வந்தால் நடுச்சாமத்திலும் நடை திறந்து கொடுக்கிற சந்தனம் அது. (இன்றைக்கு யாருக்காவது கடித்தால் முதலில் விஷமுறிவு மருந்துள்ள ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், சந்தனம் வாங்க வீட்டில் வேறொருவர் வரட்டும்.) சட்டையைக் கழற்றிய மார்பில் காற்று ஊசியாகக் குத்துகிற நேரத்தில், நெற்றியில் அந்தக் குளிர்ந்த சந்தனம் படுகிறது. நடுக்கம் கூட வேண்டும். கூடுவதில்லை, நின்றுவிடுகிறது. கேட்க வந்த பட்டியல் எதுவும் ஞாபகம் வராது. பிள்ளைகளைக் கண்ணாலே காட்டிவிட்டு நகர்ந்துவிடத்தான் தோன்றும்.

ராத்திரி விரியில் (சாமிகள் தங்கும் இடத்தில்) பத்து சாமிகளுக்குச் சுக்குக் காப்பி: இரண்டு லிட்டர் தண்ணீர், தட்டிய சுக்கு இருபது கிராம், வறுத்துப் பொடித்த மல்லி இரண்டு கரண்டி, மிளகு ஒரு சிட்டிகைக்கு மேல், துளசி ஒரு பிடி. கருப்பட்டி 150 கிராமைத் தனியாகக் கரைத்து வடிகட்டித்தான் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் கடைசி டம்ளர்காரருக்கு மணல். காப்பித்தூளை இறக்கும்போது போட்டு மூடினால் போதும், கூடவே கொதித்தால் கசக்கும். டம்ளரை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்து, கம்பளியைத் தோளில் இழுத்துக்கொண்டு, நெற்றிச் சந்தனம் காய்ந்து லேசாக இழுப்பதை உணர்ந்தபடி உட்கார்ந்திருக்கலாம். பக்கத்துச் சாமி இன்னும் அரை டம்ளர் கேட்பார். கொடுங்கள்.