ஐயாவின் செருப்பு

எங்கள் செட்டிநாட்டுக் கோட்டையூர் வீட்டில் யாருடைய செருப்பும் திண்ணையைத் தாண்டி உள்ளே வந்ததில்லை, ஒரே ஒரு சோடியைத் தவிர. அது அப்பாவைப் பெற்ற ஐயாவின் டயர் செருப்பு. முற்றத்தில் அவர் படுக்கும் கயிற்றுக் கட்டிலுக்குக் கீழே, வாசலைப் பார்த்தபடி இரவு முழுக்கக் கிடக்கும். "லட்சுமி வர்ற வீட்டுக்குள்ள செருப்பா?" என்று அப்பத்தா சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார். வளவு என்கிற உள்முற்றத்தைச் சுற்றி அத்தனை அறைகள் இருந்தும் ஒன்றிலும் ஐயா படுத்து நான் பார்த்ததில்லை. மழைக்காலத்தில்கூட தூண் ஓரமாகக் கட்டிலை இழுத்துப் போட்டுக்கொள்வார். வயதானவர், புழுக்கம் ஆகாது என்றுதான் நாங்கள் நினைத்தோம். அவர் இறந்தபோது எனக்கு ஒன்பது வயது.

அந்தச் செருப்புக்குக் காரணம் எனக்கு 2022 மார்ச் 16 இரவில்தான் புரிந்தது. அப்போது நான் டோக்கியோவில் இருந்தேன்.

நாங்கள் ஜப்பானுக்குப் போனது 2019இல். கணவருக்கு மென்பொருள் வேலை. நிஷி கசாய் பகுதியில் ஒன்பதாவது மாடியில் வீடு. நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கும் இடம் என்பதால் கறிவேப்பிலைக்கோ தமிழ்ப் பேச்சுக்கோ ஏங்க வேண்டியிருக்கவில்லை. மொழியும் குளிரும் மெல்ல மெல்லப் பழகின. தரை மட்டும் பழகவில்லை.

போன முதல் வாரமே ஓர் ஆட்டம். மாடிப்படியில் யாரோ தடதடவென்று ஓடுகிறார்கள் என்று நினைத்தேன். அப்புறம் பூஜை அலமாரியில் தொங்கவிட்டிருந்த சின்ன மணி தானாக அசைந்தது. கணவரை எழுப்பினால், "சின்னதுதான், படு" என்று புரண்டு படுத்தார். மறுநாள் எதிர்வீட்டு அம்மாவிடம் சைகையும் அரைகுறை ஜப்பானியமுமாகச் சொன்னேன். அவர் கையைப் பிடித்து என் வீட்டுக்குள்ளேயே அழைத்துப்போய் அலமாரியின் உச்சியைக் காட்டினார். ஊரிலிருந்து கொண்டுபோன பித்தளை அண்டாவும் எவர்சில்வர் டப்பாக்களும் அங்கே அடுக்கியிருந்தன. நம் வீடுகளில் பரண்தானே பாத்திரத்துக்கு இடம்! அவர் தலையில் கை வைத்து, விழுவதுபோல் நடித்துக் காட்டினார். அன்றைக்கே எல்லாம் தரைக்கு இறங்கின. அலமாரிக்கும் கூரைக்கும் நடுவில் இறுக்கிப் பிடிக்கும் கம்பி ஒன்றையும் அவரே வாங்கிவந்து மாட்டிக் கொடுத்தார். கடைசியாகச் சொன்னது, படுக்கைக்குப் பக்கத்தில் செருப்பு வைத்துக்கொள். கண்ணாடி உடைந்தால் இருட்டில் வெறுங்காலோடு நடக்க முடியாது. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே போகும் விஷயத்தில் அந்த ஊர் நம்மைவிடக் கண்டிப்பு. அப்படிப்பட்ட ஊர்க்காரர் இதைச் சொல்கிறாரே என்று எனக்கு வியப்பு. ஆனாலும் ஐயாவின் ஞாபகம் அப்போது வரவில்லை.

அங்கே நிலநடுக்கத்துக்கு இரண்டு கணக்கு உண்டு. ஒன்று நாம் செய்தியில் கேட்கும் ரிக்டர் எண், அதாவது பூமிக்குள் வெளிப்பட்ட மொத்த வலிமை. இன்னொன்று 'ஷிண்டோ', நீங்கள் நிற்கும் இடம் எவ்வளவு ஆடியது என்பது. 0 முதல் 7 வரை போகும். 5ஐயும் 6ஐயும் இரண்டிரண்டாகப் பிரித்திருப்பதால் மொத்தம் பத்துப் படிகள். கோயிலில் போடும் வேட்டு ஒன்றுதான். பக்கத்தில் நிற்பவருக்குக் காது அடைக்கிறது, அடுத்த ஊரில் இருப்பவருக்கு 'தொம்' என்று கேட்கிறது, அப்படி. அங்கே ஆட்டம் வந்ததும் எல்லோரும் தொலைக்காட்சியில் தேடுவது இந்த இரண்டாவது எண்ணைத்தான்.

சரி, அந்த இரவுக்கு வருகிறேன். மணி 11.34. ஓர் ஆட்டம் வந்து நின்றது. மகளைத் தட்டிக்கொடுத்துவிட்டு நிமிர்ந்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, அடுத்தது வந்துவிட்டது.

முதலில் கேட்டது சத்தம்தான். சமையலறைக் கதவுகள் பட்பட்டென்று அடித்துக்கொண்டன. அப்புறம் கட்டிடமே முனகத் தொடங்கியது. கனமான தேக்கு ஊஞ்சலை ஆட்டினால் சங்கிலி வளையத்தில் ஒரு முறுக்குச் சத்தம் வருமே, அது சுவருக்குள்ளிருந்து வந்தது. அதற்குப் பிறகு ஒன்பதாவது மாடி மொத்தமும் ஒரு பக்கமாகப் போய், நின்று, மறுபக்கமாக வந்தது. வேகமாக இல்லை, நிதானமாக. அந்த நிதானம்தான் வயிற்றைக் கலக்கியது. மணி நிறுத்தாமல் அடித்தது. நான் மகள்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டேன். கணவர் ஓடிப்போய் வாசல் கதவைத் திறந்து வைத்தார், நிலை கோணினால் கதவு சிக்கிக்கொள்ளும் என்பதால். பயத்தில் எதையாவது பிடித்துக்கொள்ளத் தோன்றும் இல்லையா? சுவரைப் பிடித்தால் சுவர் ஆடுகிறது, தரையில் உட்கார்ந்தால் தரையும் ஆடுகிறது. ஆடாத ஒன்று இருந்தால்தானே பிடித்துக்கொள்வது? எத்தனை நிமிடம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. "முருகா" என்ற ஒரு சொல்லுக்கு மேல் வாயில் எதுவும் வரவில்லை.

நின்றபின் ஜன்னல் வழியே பார்த்தேன். தூரத்தில் நகரத்தின் ஒரு துண்டு முழுக்க இருட்டாக இருந்தது. ஃபுகுஷிமா கடலோரத்தில் 7.4 என்றும், டோக்கியோவில் ஷிண்டோ 4 என்றும் தொலைக்காட்சி சொன்னது. அன்றிரவு இருபது லட்சம் வீடுகளுக்கு மேல் மின்சாரம் போனது. வடக்கே ஒரு புல்லட் ரயில் தடம் புரண்டது. நல்லவேளை, அதில் இருந்தவர்கள் உயிருக்கு ஆபத்தில்லை. ஃபுகுஷிமா, மியாகி பகுதிகளில் சில இடங்களில் ஷிண்டோ 6இன் மேல்படி. எங்களுக்கு வந்த 4க்கே இப்படியென்றால் அங்கே இருந்தவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று நினைத்தபோதுதான் அழுகை வந்தது.

ஊருக்கு அழைத்தேன். அங்கே இரவு எட்டு மணியைத் தாண்டியிருந்தது. அம்மாவை நாங்கள் ஆத்தா என்போம். ஆத்தாவின் முதல் கேள்வி: "அடுப்பை அணைச்சியா?" அந்த நேரத்தில் அடுப்பு எரியவில்லை, ஆனாலும் அது சரியான கேள்வி. 1923 செப்டம்பர் 1 அன்று டோக்கியோ பகுதியை உலுக்கிய நடுக்கம் பகல் 11.58க்கு வந்தது. வீடுதோறும் அடுப்பு எரியும் நேரம். இறந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரில் பெரும்பாலோரைக் கொண்டுபோனது தீதான். இப்போதெல்லாம் பலமாக ஆடினால் எரிவாயு மீட்டர் தானாகவே மூடிக்கொள்கிறது. அதனால் அடுப்பை நோக்கி ஓடாதே, முதலில் தலையைக் காப்பாற்று என்று சொல்லித் தருகிறார்கள்.

அப்புறம் அப்பச்சி, அதாவது அப்பா, போனை வாங்கினார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "செருப்புப் பக்கத்துல இருக்கா?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஐயா சொல்வாக. பெகுவுல இருந்தப்ப."

பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் பார்க்க, போன எத்தனையோ பேரில் ஐயாவும் ஒருவர். பதினாறு வயதில் பெகு நகரத்துக் கடை ஒன்றில் பெட்டியடிப் பையனாக இருந்திருக்கிறார். 1930 மே 5 அன்று பெகுவைப் பெரிய நிலநடுக்கம் தாக்கியது. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். ஊரின் பெருமையான ஷ்வேமாடோ பகோடாவே இடிந்து விழுந்தது. ஐயா வெறுங்காலோடு இருட்டில் ஓடியிருக்கிறார். உள்ளங்காலில் ஓட்டுச் சில்லும் கண்ணாடியும் கிழித்த தழும்பு கடைசிவரை இருந்ததாம். அதன்பிறகு பல நாள் வயல்வெளியில்தான் படுக்கை. கூரைக்குக் கீழே போக மனம் ஒப்பவில்லை. "அதை ஏன் எங்ககிட்ட சொல்லலை?" என்றேன். "சின்னப் புள்ளைகளைப் பயமுறுத்தக் கூடாதுன்னு சொல்லிட்டாக" என்றார் அப்பச்சி.

அன்றிரவு நான் தூங்கவில்லை. வீடு நிற்கிறது, ஆனால் உடம்பு இன்னும் ஆடுகிறது. கப்பலில் இருந்து இறங்கியவர்களுக்கு இருக்குமே, அந்த மாதிரி. ஜப்பானியர்கள் இதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள்: 'ஜிஷின் யோய்', நிலநடுக்க மயக்கம். மூன்று வாரம் எனக்கு அது இருந்தது. காய் நறுக்கும்போது கத்தியை வைத்துவிட்டு மணியைப் பார்ப்பேன். அசையவில்லையென்றால் ஆடுவது நான்தான், பூமி இல்லை. ஐயா வந்து நின்று என் தோளைத் தொட்டால் தேவலை என்றிருந்தது. இந்தப் பயத்தை அவர் அறுபது வருடத்துக்கு மேல் வாய் திறக்காமல் ஒரு சோடிச் செருப்பில் வைத்திருந்திருக்கிறார்.

அதற்கு அடுத்த ஏப்ரலில் மகள் பள்ளியில் சேர்ந்தாள். தலையையும் தோளையும் மூடும் மெத்தை முக்காடு ஒன்றைப் பிள்ளைகள் நாற்காலியில் மாட்டி வைத்திருக்க வேண்டும். ஆட்டம் வந்தால் தலைக்கு, மற்ற நேரத்தில் முதுகுக்கு. மேலுறையை வீட்டில் தைத்து அனுப்பலாம் என்றார்கள். அப்பத்தாவின் பழைய கண்டாங்கிச் சேலையை எடுத்தேன். அரக்கு உடல், மாம்பழ மஞ்சள் கரை. துவைத்துத் துவைத்து நூல் பஞ்சாகியிருந்தது. கரை நெற்றியில் வருமாறு கையாலேயே தைத்தேன். போட்டுப் பார்த்துவிட்டு, "ஆயா வீட்டு வாசனை வருது" என்றாள் மகள்.

போன கோடையில் ஊருக்கு வந்திருந்தோம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வளவில் எல்லோரும் கண்ணயர்ந்திருந்த நேரம், ஒரு கல் லாரி தெருவில் போனது. சுவரில் சாய்த்து மாட்டிய பெரிய பெல்ஜியம் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. கண் திறப்பதற்குள் மகள் தேக்கு மேசைக்கு அடியில் போய் அதன் காலை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அந்தக் கண்ணாடியை நான் முப்பது வருடமாகப் பார்க்கிறேன். அன்றைக்குத்தான் அதற்கு நேர் கீழே ஆத்தாவின் தலையணை இருப்பதைப் பார்த்தேன். தலையணையை இழுத்துத் தள்ளிப் போட்டேன். நம் பகுதியில் நிலநடுக்க அபாயம் குறைவு என்பது எனக்குத் தெரியும். இருந்தும் தள்ளிப் போட்டேன்.

ஆத்தா எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேசையருகே குனிந்தார். "என்னடி ஆத்தா, லாரிடி அது."

"தெரியும் ஆயா. ஆனா நின்னாத்தான் வெளியே வரணும்."

ஆத்தா என்னைப் பார்த்தார், பிறகு மெல்லத் தரையில் உட்கார்ந்து அவள் தலைமேல் கை வைத்துக்கொண்டார். கண்ணாடியின் அதிர்வு அடங்கும்வரை எடுக்கவில்லை.

அன்றிரவு முற்றத்தில் பாய் விரித்தபோது, மகளின் செருப்பைக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தேன். அப்பச்சி திண்ணைக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் அவருடைய செருப்பு. துடைத்து, வாசலைப் பார்க்கத் திருப்பி, கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டுப் படுத்தார்.